வேலை வருமா, நாம் போகணுமா?

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? இளையராஜாதான்! 1960-களின் கடைசியில் அண்ணன் பாஸ்கரோடு அவர் சென்னைக்குக் கிளம்பினார். வேறு வழி? ரிக்கார்டிங் தியேட்டர்களும் வாத்தியக்காரர்களும் அங்கேதானே இருந்தார்கள்! வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் போகணும். அதுதான் அன்றைய விதி.

அந்த விதியை அசைத்துப் பார்த்தவர் ஜாக் நில்லஸ் என்கிற அமெரிக்கர். ஆளை அலைக்கழிப்பதற்குப் பதில் வேலையைக் கம்பி வழியாக அனுப்பலாமே என்று யோசித்து, 1973-ல் அதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயரும் வைத்தார். லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர்களை, வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில் உட்காரவைத்துச் சோதித்தும் பார்த்தார். அந்த ஆய்வு புத்தகமானது 1976-ல். ‘அன்னக்கிளி’ ரிலீஸான அதே வருஷம்!

2020-ல் கொரோனா வந்தது. அந்த யோசனை வீட்டுக்கு வீடு நுழைந்தது. சென்னை, பெங்களூரு வேலையை விடாமலேயே பலர் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். பிரமாதம் என்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூலிப் பெண்கள் இருக்கிறார்கள். அதே 2020-ல் கேரள எல்லை மூடப்பட்டபோது அவர்களுடைய வேலை வீடு தேடி வந்ததா? ஊஹூம்! ஏலக்காயைக் கம்பி வழியாகப் பறிக்க முடியாதே. மலையேறினால்தான் கூலி.

அன்று இளையராஜாவைச் சென்னைக்கு அனுப்பிய விதி, இவர்களைப் பொறுத்தவரை இன்னும் ரத்தாகவில்லை.