சாம் ஷெப்பர்ட்: நடித்துப் பிழைத்தார், எழுதி வாழ்ந்தார்



எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளுக்கு நாடகம் என்றாலே மோலியேர்தான். நாடகத்தை எழுதியதோடு நிற்காமல் முக்கிய வேடத்தையும் தானே போட்டுக்கொண்டவர் அவர். 1673 பிப்ரவரி 17 அன்று, தான் எழுதிய 'கற்பனை நோயாளி' நாடகத்தில் நோயாளி வேடத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போதே நிஜ நோய் முற்றிவிட்டது. ஆட்டத்தை எப்படியோ முடித்து, வீட்டுக்குப் போய் அன்றிரவே இறந்துபோனார். எங்கள் ஆசிரியரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது.

எழுதுகிறவனே நடிப்பதெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியவர் அமெரிக்க நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்ட். அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததும் ஒரு ஏமாற்றத்தால்தான். 1980களின் கடைசியில் ஒரு நண்பர் 'பாரீஸ், டெக்சஸ்' என்ற படத்தின் கேசட்டைக் கொடுத்தார். ஈஃபில் கோபுரம் வரும் என்று உட்கார்ந்தேன். வந்ததோ பொட்டல் காடும், அதில் வாய் பேசாமல் நடந்துபோகும் ஒரு மனிதனும். பாரீஸ் என்பது டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஒரு ஊரின் பெயராம். விம் வெண்டர்ஸ் இயக்கி, 1984இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது பெற்ற படம். கதை வசனத்தில் ஷெப்பர்டின் பெயர் இருந்தது. மனைவி மகனை விட்டுவிட்டுத் தொலைந்துபோன ஒரு தகப்பனின் கதை அது. ஏன் அந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஷெப்பர்ட் பிறந்தது 1943 நவம்பர் 5, இல்லினாய் மாநிலத்தில். முழுப்பெயர் சாமுவேல் ஷெப்பர்ட் ரோஜர்ஸ். அப்பா இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானம் ஓட்டியவர். போர் முடிந்து வீடு திரும்பினார், ஆனால் மனசு திரும்பவில்லை. குடி அவரைப் பிடித்துக்கொண்டது. மகன் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரில், ஆடு மாடுகளுக்கும் அவகாடோ மரங்களுக்கும் நடுவில் வளர்ந்தார். கல்லூரியில் கால்நடை வளர்ப்புப் படிக்கச் சேர்ந்து, பாதியிலேயே ஒரு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோடு கிளம்பிவிட்டார். அந்த வயதில் அவரை ஆட்டிவைத்த நாடகம் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'. பெக்கெட் அதை முதலில் எழுதியது பிரெஞ்சில் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

1963இல் நியூயார்க் வந்த ஷெப்பர்டுக்கு 'வில்லேஜ் கேட்' என்ற இரவு விடுதியில் எச்சில் தட்டு எடுத்து மேசை துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே தலைமைப் பரிசாரகராக இருந்த ரால்ஃப் குக் ஒரு மாதாகோயில் வளாகத்தில் சின்ன நாடக அரங்கு ஒன்றைத் தொடங்கினார். 1964 அக்டோபரில் அந்த அரங்கில் ஷெப்பர்டின் முதல் இரண்டு நாடகங்கள் ஏறின. வயது இருபது. பிறகு நிற்கவே இல்லை. பெரிய அரங்குகளுக்கு வெளியே நடக்கும் நாடகங்களுக்குக் கொடுக்கும் ஓபி விருதுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார். அவர் எழுதிய நாடகங்கள் மொத்தம் நாற்பதுக்கும் மேல்.

ஆனால் மோலியேருக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். தன் எழுத்தில் தானே நடிப்பது இவருக்கு ஒத்துவரவில்லை. 1971இல் பாடகி பட்டி ஸ்மித்தும் இவரும் சேர்ந்து 'கவ்பாய் மவுத்' என்ற நாடகம் எழுதி, இருவருமே நடித்தார்கள். அப்போது அவருக்கு வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பட்டி ஸ்மித்தோடு வெளியே காதல். அந்தக் குழப்பம் முழுக்க நாடகத்தில் இருந்தது. முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் மனிதர் ஊரை விட்டே போய்விட்டார். எழுதுவது வேறு, எழுதிய காயத்தைத் தினமும் எல்லார் முன்னாலும் திறந்து காட்டுவது வேறு.

அதனால் நடிப்பைச் சினிமாவில் வைத்துக்கொண்டார். 1978இல் டெரன்ஸ் மாலிக்கின் 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தில் பண்ணையாராக வந்தார். 1983இல் 'தி ரைட் ஸ்டஃப்' படத்தில், 1947இல் முதன்முதலாக ஒலியின் வேகத்தை மிஞ்சி விமானம் ஓட்டிய சக் யேகராக நடித்தார். ஆஸ்கருக்குப் பெயர் போனது, விருது வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் நிஜத்தில் அவருக்கு விமானம் ஏறவே பயம். எவ்வளவு தூரமானாலும் காரை எடுத்துக்கொண்டு ஓட்டிவிடுவாராம். குண்டுவிமானம் ஓட்டியவரின் பிள்ளை!

சினிமாப் பணம் அடுப்பை எரியவைத்தது. அந்த நிம்மதியில் அவர் மேடைக்கு எழுதினார். 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் ஏறிய 'பரீட் சைல்ட்' நாடகத்துக்கு 1979இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு பண்ணை வீடு, சோபாவில் படுத்துக்கொண்டு திருட்டுத்தனமாகக் குடிக்கும் கிழவர், கொல்லையில் புதைத்த ஒரு குழந்தை, அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு. இவ்வளவுதான் கதை. அடுத்து 'ட்ரூ வெஸ்ட்', 'ஃபூல் ஃபார் லவ்', 'எ லை ஆஃப் த மைண்ட்'. எங்கே தொட்டாலும் குடிகாரத் தகப்பன் வந்து நிற்பார்.

அந்தத் தகப்பனே ஒருமுறை 'பரீட் சைல்ட்' பார்க்கப் போனாராம். ஷெப்பர்ட் பேட்டியில் சொன்ன சம்பவம் இது. நல்ல போதை. மேடையில் நடப்பது தன் வீட்டுக் கதை என்று புரிந்ததும் எழுந்து நின்று நடிகர்களோடு சண்டை. காவலர்கள் வெளியே தள்ளப் பார்த்தார்கள். எழுதியவரின் அப்பா என்று தெரிந்ததும் உட்கார விட்டார்கள். மகன் அப்போது அங்கே இல்லை.

2004இல், முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, நியூயார்க்கில் மறுபடி மேடையேறினார். அப்போதும் தன் நாடகத்தில் இல்லை, கேரில் சர்ச்சில் எழுதிய 'எ நம்பர்' நாடகத்தில். தகப்பன் வேடம்.

கடைசியில் தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகும் ஏ.எல்.எஸ். நோய் வந்தது. கடைசிப் புத்தகத்தைக் கையால் எழுதத் தொடங்கினார். கை நின்றதும் டேப்பில் பேசினார். அதுவும் முடியாதபோது வாயால் சொல்லச் சொல்லக் குடும்பத்தார் எழுதிக்கொண்டார்கள். திருத்தத்துக்கு உதவியவர் அதே பட்டி ஸ்மித். சாவதற்குச் சில நாள் முன்பு வரை திருத்தம் சொல்லியிருக்கிறார். 2017 ஜூலை 27 அன்று கென்டக்கியில் உள்ள தன் வீட்டில் காலமானார். வயது 73. 'ஸ்பை ஆஃப் த ஃபர்ஸ்ட் பெர்சன்' என்ற அந்தப் புத்தகம் டிசம்பரில் வந்தது.

இப்போது என் விஷயம். என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் போய், 1954இல் திரும்பி வந்தவர். பென்ஷன் வந்தது, கூடவே குடியும் வந்தது. அங்கே என்ன பார்த்தார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரைப் பற்றி ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று முப்பது வயதில் நான்கு பக்கம் எழுதி வைத்தேன். பிறகு குமாஸ்தா உத்தியோகம், கோப்பு, குறிப்பு, பிள்ளைகள் படிப்பு. நேரமில்லை என்று சொல்லியே ஓய்வு வயது வந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு கை நடுக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

பிழைப்பு எழுத்தைக் கெடுத்துவிட்டது என்று எவ்வளவோ பேரிடம் புலம்பியிருக்கிறேன். ஷெப்பர்டின் கதையைப் படித்தபின் அந்தப் புலம்பல் வாயில் வரமாட்டேன் என்கிறது. எனக்கு நேரம் இருந்தது. அப்பாவை எழுதத்தான் பயம்.

இந்தப் பதிவைக் கைப்பேசியில் பேசித்தான் எழுதினேன். பேரன் பழக்கிக் கொடுத்தான். அது என் தமிழைப் பாதி தப்பாகப் போடுகிறது, உட்கார்ந்து திருத்துகிறேன். அந்த நான்கு பக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை காபி முடிந்ததும் ஐந்தாவது பக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.