காலிக் கலனின் எடை: ஆர்-7, அட்லஸ் ஏவூர்திகளின் கட்டமைப்பு குறித்து

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக்கோடு சேர்ந்து, அதைச் சுமந்துசென்ற ஆர்-7 ஏவூர்தியின் மையப் பகுதியும் சுற்றுப்பாதையை அடைந்தது. செயற்கைக்கோளின் எடை 83.6 கிலோ, எரிபொருள் தீர்ந்த மையப் பகுதியின் எடை ஏறக்குறைய 7.5 டன். அந்தி வானில் மக்கள் வெறுங்கண்ணால் கண்டது பெரும்பாலும் இந்தக் காலிக் கலனைத்தான். 1958 டிசம்பர் 18 அன்று அமெரிக்கா தன் அட்லஸை, வழியில் கழற்றிவிட்ட இரு எஞ்சின்கள் நீங்கலாக, முழுதாகவே சுற்றுப்பாதையில் ஏற்றியது. ஸ்கோர் எனப்பட்ட அந்த முயற்சியில் எல்லாம் சேர்ந்தே 4 டன்னுக்குச் சற்றுக் குறைவு. (நிறை என்பதே சரியான சொல், பொறியாளர் பேச்சுவழக்கை ஒட்டி எடை என்றே எழுதுகிறேன்.)

ஏன் இந்த வேறுபாடு? வழக்கமாகச் சொல்லப்படும் விடை அணுகுண்டு. சோவியத் குண்டு கனத்தது. அதைச் சுமக்க வேண்டிய ஆர்-7உம் பெருத்தது. அமெரிக்காவிலோ இலகுவான குண்டு சாத்தியம் என்று தெரிந்ததும் ஐந்து எஞ்சின் கொண்ட அட்லஸ் வரைவு மூன்றாகச் சுருங்கியது. இது உண்மை, ஆனால் மொத்த உருவத்தின் அளவை மட்டுமே இது விளக்குகிறது. புறப்படும் எடையில் காலிக் கலனின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் இந்த விடை போதாது. ஸ்புட்னிக்கை ஏற்றிய ஆர்-7இன் மொத்த எடை சுமார் 267 டன். அதன் நான்கு பக்கக் கலன்களும் மையமும் காலியாக இருக்கையில் சேர்ந்து 21 டன்னை ஒட்டி வரும். அதாவது 8 விழுக்காடு. அட்லஸின் புறப்பாட்டு எடை 120 டன் அளவு. கழற்றிவிட்ட எஞ்சின் தொகுதியின் சுமார் 3 டன்னைத் திரும்பக் கூட்டினாலும் 6 விழுக்காட்டைத் தாண்டாது. குண்டின் கனம் இந்த விகிதத்தை மாற்றுவதில்லை.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே அச்சத்தில் பிறந்தவை. வெற்றிடத்தை நெருங்கும் உயரத்தில் பெரிய திரவ எஞ்சினைப் பற்றவைக்க முடியும் என்று 1950களின் தொடக்கத்தில் இரு தரப்பிலும் எவரும் உறுதியாக நம்பவில்லை. எனவே எல்லா எஞ்சின்களையும் தரையிலேயே பற்றவைத்தார்கள். பிறகு எதை உதறுவது என்பதில்தான் வழி பிரிந்தது. ஆர்-7ஐ வடிவமைத்த கொரலியோவின் குழு நான்கு பக்கக் கலன்களை எஞ்சினோடு உதறியது. ஒவ்வொரு கலனுக்கும் தனி விசைப்பம்பு, அதைச் சுழற்ற ஹைட்ரஜன் பெராக்சைடு, கலனுக்கு உள்ளழுத்தம் தரத் திரவ நைட்ரஜன், திசைதிருப்பச் சிறு எஞ்சின்கள் என்று எல்லாமே ஐந்து மடங்கு. பெரிய ஒற்றை எரியறையில் அதிர்வு அடங்காததால் அதன் எஞ்சின் வடிவமைப்பாளர் குளுஷ்கோ ஒரு பம்புக்கு நான்கு எரியறைகளை இணைத்தார். எடை கூடிய இடங்களில் இவையும் அடங்கும்.

கான்வேர் நிறுவனத்தின் கரெல் பொசார்ட் எஞ்சின்களை மட்டும் உதறினார். கலனை வைத்துக்கொள்ள அவருக்குக் கட்டுப்படியானதற்குக் காரணம், அது அவ்வளவு மெல்லியது. ஜெர்மானிய வி-2இல் வெளிக்கூட்டுக்குள் தனிக் கலன்கள் இருந்தன. 1940களின் எம்எக்ஸ்-774 ஏவூர்திச் சோதனைகளிலேயே அவர் கலனின் சுவரையே ஏவூர்தியின் சுவராக்கிவிட்டார். அட்லஸில் அது துருப்பிடிக்காத எஃகு, நம் வீட்டு எவர்சில்வரின் உறவு. கனமோ தடித்த இடத்திலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். காற்றடைத்த சைக்கிள் டியூப் போல, உள்ளழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்தது.

இந்தச் சிக்கனத்துக்கான செலவு எடைக் கணக்கில் தெரியாது. அட்லஸை எங்கே கொண்டுபோனாலும் வாயு நிரப்பியோ இழுத்துப் பிடித்தோதான் வைத்திருக்க வேண்டும். 1963 மே மாதம் வாண்டன்பர்க் தளத்தில் அஜீனா மேல்நிலையைச் சுமந்த ஓர் அட்லஸ் அழுத்தம் இழந்து ஏவுமேடையிலேயே மடிந்து விழுந்தது. ஆர்-7 படுத்த வாக்கில் ரயிலில் மேடைக்குப் போனது; அங்கே அதன் இடுப்பைப் பிடித்து இரும்புக் கரங்கள் தொங்கவிட்டன. தரையில் நிற்கும் பாரத்தை அடிப்பகுதி தாங்கவேண்டிய தேவையே எழவில்லை. ஆக, கொரலியோவும் எடையைக் குறைத்தவர்தான். அந்த எடையை எஃகுக் கரங்களாக மேடையில் விட்டுச்சென்றார். பொசார்ட் விட்டுச்சென்றது தரைப் பணியாளரின் ஓயாத கண்காணிப்பை. இரண்டு ஏவூர்திகளின் காலி எடைகளை அருகருகே பட்டியலிட்டு ஒன்றைத் திறமை என்றும் மற்றதை முரட்டுத்தனம் என்றும் தீர்ப்பளிக்கும் எழுத்துகள் இந்த இடமாற்றத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

அமெரிக்க விமானப்படைக்கே அட்லஸின் தோலில் முழு நம்பிக்கை இல்லை. மாற்று ஏற்பாடாக மார்ட்டின் நிறுவனம் உருவாக்கிய டைட்டன்-1 அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது, காலியாகவும் தானாக நிற்பது. அதன் இரண்டாம் நிலை உயரத்தில் பற்றியது. அச்சம் நீங்கியதும், எஞ்சின்களை மட்டும் உதறும் ஒன்றரை நிலை அமைப்பின் தேவையும் நீங்கியது. ஆனாலும் மெல்லிய எஃகுக் கலன் 2000களின் நடுப்பகுதி வரை பறந்தது. 2002 ஆகஸ்டில் முதன்முதலாக எழும்பிய அட்லஸ்-5இன் கீழ்நிலை, தானாக நிற்கும் அலுமினியக் கலன்; அதன் எஞ்சின், குளுஷ்கோவின் வடிவமைப்பகத்திலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் ஆர்டி-180. பொசார்டின் எஃகுத் தோல் அதன் மேலே இருந்த சென்டார் நிலையில் மட்டும் எஞ்சியது, உள்ளழுத்தத்தோடு.