மானம் போகும் என அஞ்ச வேண்டாம்: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உதவிகள்

வீட்டுக்குள் நடக்கும் அடி உதையும், பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையும் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. 'ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்' என்ற அச்சம்தான் பல குடும்பங்களின் வாயை அடைக்கிறது. இந்த அச்சத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு

18 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்றாலும் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் இலவசம். பிள்ளையே பேசலாம், அக்கம்பக்கத்தாரும் பேசலாம். பாதுகாப்பில்லாத நிலையில் மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துவர வேண்டும். பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருப்பது நல்லது என்பதை அக்குழு முடிவு செய்யும்.

பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். பிள்ளை காவல் நிலையம் செல்லத் தேவையில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, பெற்றோர் உடனிருக்க, சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, வாக்குமூலம் பெற வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் சிகிச்சை இலவசம். நீதிமன்ற விசாரணை மூடிய அறையில் நடக்கும். பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவது குற்றம்.

ஜமாஅத்தின் பொறுப்பு

கணவன் மனைவி மனத்தாங்கலை ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது நம் வழக்கம். ஆனால் பிள்ளை மீதான பாலியல் குற்றத்தைப் பேசி முடிக்க எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை. விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளிக்கூடம், மதரஸா, விடுதி எதற்கும் இதில் விலக்கு இல்லை.

பெண்களுக்கு

181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் உண்டு.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. மனைவி மட்டுமல்ல, தாயும் சகோதரியும்கூட இதை நாடலாம். தலாக்கோ குலாவோ ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.

1098, 181, 15100 ஆகிய மூன்று எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மதரஸா சுவரிலும் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கச் செல்லும் தாயுடன் மஹல்லாவிலிருந்து ஒருவர் துணைக்குப் போனால், அதுவே அவருக்குப் பெரும் பலம்.