முழங்கையின் மூன்று மேடுகள்

நேயர்களே, மரமேறிய பிள்ளை கையை ஊன்றி விழுகிறான். முழங்கை வீங்கிக் கோணுகிறது. "பிசகுதான், உருவிவிட்டால் சரியாகும்" என்கிறார் ஒருவர். "இல்லை, எலும்பு முறிந்துவிட்டது" என்கிறார் மற்றொருவர்.

இந்த வழக்கு நம் லயங்களில் தோன்றியதன்று. கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும், ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையான நூல்களிலேயே முழங்கை விலகலைப் பற்றிய விளக்கம் உண்டு. எக்ஸ்ரே இல்லாத அந்நாளில் மருத்துவருக்குக் கண்ணும் விரலுமே துணை.

பிற்கால மருத்துவரின் விரல்கள் தேடியவை மூன்று மேடுகள். முழங்கையின் இருபுறமும் இரண்டு எலும்பு முனைகள். பின்னால், நாம் மேசையில் ஊன்றும் முனை ஒன்று. கையை நீட்டினால் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும், மடக்கினால் முக்கோணமாகும். நம் நல்ல கையிலேயே தொட்டுப் பார்க்கலாம். மூட்டு விலகினால் முக்கோணம் குலையும். மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்திருந்தாலோ மூன்றும் சேர்ந்தே நகர்வதால் குலையாது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹ்யூட்டரின் (1838–1882) பெயரால் இன்றும் மாணவருக்கு இது கற்பிக்கப்படுகிறது. வீக்கம் ஏறிவிட்டால் மட்டும் மேடுகள் விரலுக்கு அகப்படமாட்டா.

இத்தாலியில் மிலான் நகர மருத்துவர் மொந்தேஜ்ஜியாவிடம் ஒரு சிறுமி வந்தாள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்ததாகக் கண்டு கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை முழங்கையில் விலகியே இருந்தது! அதை மறைக்காமல் 1814இல் நூலில் எழுதிவைத்தார். அவருடைய பெருமையே அதுதான் என்போம். அவ்வகைக் காயத்திற்கு இன்று அவர் பெயர்.

1895 நவம்பர் 8ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். மொந்தேஜ்ஜியா கண்டது போன்ற விலகல் படத்திலும் தப்பக்கூடும். ஆகவேதான் முன்கை முறிந்தாலும் முழங்கையைச் சேர்த்து, நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுக்கிறார்கள்.

அதுவரை நாம் இழுக்கவோ உருவவோ கூடாது. உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு விறைத்துப்போகலாம். இருக்கும் நிலையிலேயே துண்டால் தாங்கிக் கிளினிக்கிற்குக் கொண்டுசெல்வோம். அங்கே மருத்துவர் முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடிப்பார், விரலை அசைக்கச் சொல்வார். முழங்கையை ஒட்டியே கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. அவை நசுங்கியிருந்தால் படத்தில் தெரியாது.