அமெரிக்காவில் உள்நாட்டுக் கண்காணிப்பும் அதிகாரிகளின் சாட்சியமும்

அமெரிக்க உளவு நிறுவனங்கள் அதிபரின் நிர்வாக அதிகாரத்தைக் காட்டி, நீதிமன்ற ஆணையின்றிச் சொந்தக் குடிமக்களை வேவு பார்த்து வந்தன. அதுபற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்டபோது உயரதிகாரிகள் பலர் உண்மையை மறைத்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே இச்சிக்கல் தொடர்கிறது.

முதல் பெரிய திட்டம் ஷாம்ராக். 1945 ஆகஸ்டில், போர்க்காலத் தணிக்கை முடிவுக்கு வரவிருந்த வேளையில், ராணுவத்தின் சமிக்ஞை உளவுப் பிரிவினர் தந்தி நிறுவனங்களின் கதவைத் தட்டினர். ஆர்.சி.ஏ., ஐ.டி.டி., வெஸ்டர்ன் யூனியன் ஆகிய மூன்றும் வெளிநாட்டுத் தந்திகளைக் கொடுக்க இணங்கின. சட்டப்படி இது சரியல்ல என்று வழக்கறிஞர்கள் எச்சரித்திருந்ததால் நிறுவனங்களுக்கு உள்ளூர அச்சம் இருந்தது. 1947இல் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் அவர்களை அழைத்து, வழக்கு வராது என்று வாய்மொழியாக உறுதியளித்தார். வாய்மொழி உறுதிதான், சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. தொடக்கத்தில் காகித நாடாக்களாகவும் நுண்படச் சுருள்களாகவும் கைமாறிய தந்திகள், 1960களில் காந்த நாடாக்களுக்கு மாறின. நியூயார்க்கிலிருந்து, பின்னாளில் திட்டத்தை ஏற்று நடத்திய தேசியப் பாதுகாப்பு முகமையின் ஃபோர்ட் மீடு தலைமையகத்துக்கு ஆள்மூலம் சென்ற நாடாக்கள், படியெடுத்தபின் திரும்பி வந்தன. இறுதி ஆண்டுகளில் முகமையின் பகுப்பாய்வாளர்கள் மாதம் சுமார் 1,50,000 தந்திகளைப் படித்தனர்.

1974 டிசம்பரில் சி.ஐ.ஏ.வின் உள்நாட்டு வேலைகளைச் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் அம்பலப்படுத்தினார். அதையடுத்து 1975 ஜனவரியில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் செனட் விசாரணைக் குழு அமைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநர் லூ ஆலன் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். அப்பதவியில் இருந்தவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. ஷாம்ராக் பற்றிய விவரத்தை, அதிபர் ஃபோர்டின் அரசு தடுத்தும், சர்ச் நவம்பரில் வெளியிட்டார். முகமையின் மினாரெட் என்ற கண்காணிப்புப் பட்டியலில் மார்ட்டின் லூதர் கிங்குடன் சர்ச்சின் பெயரும் இருந்தது. 2013இல்தான் அது வெளியே தெரிந்தது.

பொய்ச் சாட்சியத்துக்குத் தண்டனை அரிது. சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸுக்கு 1977இல் 2,000 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் கிடைத்தன. அதுவும் கண்காணிப்பு பற்றியல்ல, சிலி நாட்டு விவகாரம் பற்றிச் சொன்ன சாட்சியத்துக்கு. அபராதத் தொகையை ஓய்வுபெற்ற சகாக்களே திரட்டிக் கொடுத்தனர்.

நீதிமன்ற ஆணையைக் கட்டாயமாக்கிய 1978ஆம் ஆண்டு அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. 2004 ஏப்ரலில் பஃபலோ நகரில் பேசிய அதிபர் புஷ், நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒட்டுக்கேட்பு கிடையாது என்றார். ஆனால் ஆணையில்லாத ஒட்டுக்கேட்பு 2001இலிருந்தே நடந்துகொண்டிருந்தது. 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது.

2013 மார்ச் 12 அன்று, கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். கேள்வியை முந்தைய நாளே அனுப்பியிருந்தார். தேசிய உளவு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்று பதிலளித்தார். ஜூனில், முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் வெளிவந்ததும் கிளாப்பர் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர்மீது வழக்குத் தொடர இருந்த ஐந்தாண்டுக் கெடு 2018இல் காலாவதியானது.

தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டுவதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. வெளிநாட்டவரைக் குறிவைக்கும்போது அமெரிக்கர்களின் செய்திகளும் சிக்கும், அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு, 2024 ஏப்ரலில் மேலும் 2 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.