கோலசிலாங்கூரின் சுற்றுலா அடையாளமும் தோட்டத் தமிழரும்

ஓர் ஊரைச் சுற்றுலாத் தலமாக விளம்பரப்படுத்துவோர் அவ்வூரின் வரலாற்றிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுக்கின்றனர், பலவற்றை விட்டுவிடுகின்றனர். சிலாங்கூர் மாநில அரசு 2025-ஆம் ஆண்டைச் 'சிலாங்கூர் வருகை ஆண்டு' என அறிவித்தது. அதனை அடுத்து வரும் 2026-ஆம் ஆண்டு 'மலேசிய வருகை ஆண்டு' என அறிவிக்கப்பட்டது. இவ்விரு முயற்சிகளையும் ஒட்டிக் கோலசிலாங்கூர் எவ்வாறு காட்டப்படுகிறது எனப் பார்ப்போமாயின், மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கம், ஆற்றோர மின்மினிகள், கடலுணவு, சாசாரான் கடலின் 'வான்கண்ணாடி' ஆகிய நான்குமே மீண்டும் மீண்டும் கண்ணில் படுகின்றன. அதே மாவட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழ்ந்த தோட்டங்கள் அப்படங்களில் இடம்பெறுவது அரிது. அது ஏன் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. அதிகாரிகளின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விடை நில உடைமையில் இருக்கிறது என நாம் கருதுகிறோம்.

மெலாவத்திக் குன்றைப் பற்றி இங்கு மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. 1784-இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றி 'அல்திங்ஸ்பர்க்' எனப் பெயரிட்டதையும் மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டதையும் அங்கு வருவோர் அறிந்து செல்கின்றனர். குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907-இல் எழுந்தது. தமிழ்த் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொணரும் செலவுக்காகத் தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டிய 'தமிழர் குடியேற்ற நிதி' ஏற்படுத்தப்பட்டதும் அதே 1907-இல்தான். முன்னது இன்று அஞ்சலட்டைப் படமாகிவிட்டது. பின்னது பாடநூலின் ஓரத்தில்கூட இல்லை.

குன்றிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சென்றால் சிலாங்கூர் ஆற்றின் கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடம் உள்ளது. பிரான்சின் பார்பெசியூ என்னும் சிற்றூரில் 1879-இல் பிறந்த ஆன்றி ஃபோக்கோனியே 1905-இல் மலாயா வந்து, தோட்டத்தொழில் பயின்று, அடுத்த ஆண்டே இங்கு இரப்பர்த் தோட்டம் அமைத்தார். பெல்ஜியரான அத்ரியன் அல்லே வழியாகச் சுமத்திராவிலிருந்து கிடைத்த செம்பனை விதைகளைக் கொண்டு 1917-இல் அவர் உருவாக்கிய தோட்டமே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகும். அதன் பெயர் 'தென்னமரம்'. ஆங்கிலப் பதிவுகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் இன்றுவரை இப்பெயரே வழங்குகிறது. நாட்டின் பெருந்தொழில் ஒன்றின் பிறப்பிடம் தூய தமிழ்ப்பெயர் தாங்கி நிற்பது நம்மவருள் பலரும் அறியாத செய்தி. (செம்பனைக்குப் புகழ்பெற்ற மண் தென்னையின் பெயரைச் சுமப்பது ஒரு வேடிக்கை.)

ஃபோக்கோனியேயின் 'மலேசி' என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. மறு ஆண்டு 'மலாயாவின் ஆன்மா' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இவ்வட்டாரத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதற்பெரும் 'விளம்பரம்' இப்புதினமே எனின் தவறாகாது. வெள்ளைத் துரையின் வியப்பும் தனிமையும் வெப்பமண்டலக் காட்டின் அழகும் கொண்டு வரையப்பட்ட அந்தச் சித்திரத்தின் சாயலை இன்றைய பயணக் குறிப்புகளிலும் காண்கிறோம். பிரெஞ்சுத் தோட்டக்காரரின் வாழ்க்கைக்கு நூல்கள் உள. அவருக்காகக் காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் ஊர், குடும்பம், உணவு பற்றிக் கேட்டால் நம்மிடம் ஒரு பக்கம் தேறுவதும் அரிது.

செம்பனைக்கும் மின்மினிக்கும் உள்ள தொடர்பையும் இங்குச் சுட்ட வேண்டும். கம்போங் குவாந்தானில் கைத்துடுப்புப் படகில் சென்று காணும் மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் கூடி ஒருசேர ஒளிர்கின்றன. ஆனால் அவற்றின் புழுப்பருவம் கரையை ஒட்டிய ஈர நிலத்தில் நத்தைகளை உண்டு கழிகிறது. கரையைத் திருத்திச் செம்பனை நட நட அப்பருவத்துக்கு இடம் குறைவதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஓர் ஆற்றின் இரு புகழ்கள் ஒன்றையொன்று தின்னும் நிலை இது. விளம்பரத் தாள் இதனைச் சொல்வதில்லை.

2010-களில் சமூக ஊடகம் இக்கடற்கரையின் போக்கையே மாற்றியது. 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல்வயலான செகிஞ்சான், 2014-இல் ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அங்குப் படமாக்கப்பட்டு ஒளிபரப்பான பின் பெரும் புகழ் பெற்றது. அதன் பின்னர், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் வற்றித் தோன்றும் சாசாரான் மணல்திட்டு, பொலிவியாவின் உப்புப் பாலைவனத்துக்கு ஒப்பிடப்பட்டு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பரவியது. படம் எடுக்க வந்தவர்கள் பாசிர் பெனாம்பாங்கில் மீனும் நண்டும் உண்டு சென்றனர். இவ்விடங்களில் படகு மீனவருடையது. கடை அதை நடத்தும் குடும்பத்தினுடையது. மலாய்க் கம்பங்களிலும் அவ்வாறே. 1995 முதல் அரசு ஊக்குவித்த 'ஹோம்ஸ்டே' திட்டத்தில் தஞ்சோங் காராங்கின் சுங்கை சீரே போன்ற கிராமங்கள் விருந்தினரை ஏற்க முடிந்தது, வீடும் மனையும் அவர்களுக்கு உரியனவாக இருந்ததால்தான்.

தோட்டத் தமிழருக்கு இந்த அடிப்படையே இல்லை. லயம் நிறுவனத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பம் ஒரு விருந்தினரைத் தங்கவைக்கத் தன் பெயரில் ஒரு திண்ணையும் பெற்றதில்லை. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்ததை நாம் அறிவோம். உரிமை இல்லாத இடத்தை எவரும் தம் ஊர் எனச் சந்தைப்படுத்த இயலாது.

கையோடு எடுத்துச் செல்லக்கூடியதாய் இருந்தது உணவு ஒன்றே. விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோர் குடித்த வரக்காப்பி, தூக்கில் சென்ற சோறும் கருவாட்டுக் குழம்பும், லயத்தின் பின்புறத்து முருங்கைக்கீரை, சப்பானியர் காலத்தில் உயிர் காத்த மரவள்ளிக்கிழங்கு ஆகியவை அம்மக்களோடு நகரங்களுக்குப் பெயர்ந்தன. இன்று கோலாலம்பூரில் 'வாழையிலைச் சாப்பாடு' மலேசிய உணவின் அடையாளங்களுள் ஒன்றாகச் சுற்றுலா நூல்களில் இடம்பெறுகிறது. எனினும் தோட்டத்தில் வாழையிலை விரித்தது திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் கருமாதிக்கும்தான். அன்றாடச் சோறு மங்குத் தட்டில். நகர உணவகம் விருந்து நாளை எடுத்துக்கொண்டு வேலை நாளை விட்டுவிட்டது. கள்ளைத் தோட்ட வாழ்வின் இனிய நினைவாகக் காட்ட முற்படுவோர், 1941-இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயரும் இவ்வகையில் ஒரு விளம்பரமே. தொங்கும் மரக்கட்டையை நினைவூட்டும் 'பத்தாங் பெர்ஜுந்தை' 2007-இல் அறிவையும் வெற்றியையும் குறிக்கும் 'பெஸ்தாரி ஜெயா' ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, முதியோர் நாவில் பழைய பெயர் மாறவில்லை. தோட்டப் பெயர்களைப் பொறுத்தவரை அவற்றைக் காத்து வருபவை தமிழ்ப்பள்ளிகளே. ராஜா மூசா, கோல்பீல்ட்ஸ் போன்ற பெயர்கள் பள்ளி முகப்பில் இன்றும் எழுதப்பட்டுள்ளன. கோயில்களுள் புக்கிட் ரோத்தானில் 2013-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி ஆலயம், தன் சிற்பங்களால் சமூக ஊடகத்தில் பெயர் பெற்றுப் பிற இனத்தவரையும் ஈர்க்கிறது. 1999 முதல் உலகெங்கும் ஒலித்த 'மலேசியா, உண்மையான ஆசியா' விளம்பரம் தமிழரைப் பெரும்பாலும் பத்துமலைப் படிகளில் வைத்தே காட்டியதை எண்ணும்போது, வடசிலாங்கூரில் ஒரு தமிழ் அடையாளம் பயணியரின் வழித்தடத்தில் ஏறியது சிறிய மாற்றமன்று.

சுற்றுலாக் கணக்கெடுப்பில் வராத வருகையாளரும் உள்ளனர். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்ட தோட்டங்களில் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைகளுக்கிடையே நிற்க, ஆண்டுத் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் சா ஆலாமிலிருந்தும் பழைய குடும்பங்கள் திரும்பி வருகின்றன. பெருங்கொப்பரைகளில் அன்னதானம் சமைக்கப்படுகிறது. அன்று வாழையிலை அதற்குரிய இடத்தில் விரிகிறது. முகநூல் குழுக்களில் அவர்கள் பகிரும் பழைய ஒளிப்படங்களின் கீழ் 'இவர் எங்கள் மண்டோர்', 'இது ஆறாம் நம்பர் லயம்' என எழுதப்படும் குறிப்புகள், வரலாற்றுத் துறையினர் இன்னும் திரட்டாத மூல ஆவணங்கள். குழு மூடப்பட்டால் அவையும் மறையும். தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், அந்தந்தத் தோட்டத்துப் படங்களையும் குறிப்புகளையும் படத்தில் இருப்போரின் ஒப்புதலோடு படியெடுத்து, நாள், இடம், சொன்னவர் ஆகிய விவரங்களுடன் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அளிக்கலாம். தென்னமரம் தோட்டத்திலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.