தந்தமும் மரமும்

அனந்தபுரியில் பத்மநாபர் திருக்கோயிலைத் தொழுது மீளும் நாம், அருகே நிற்கும் குதிரைமாளிகையை ஏறிட்டு நோக்காமற் செல்வதில்லை. சுவாதித் திருநாள் மன்னர் எழுப்பிய அம்மாளிகையின் கூரைக்குக் கீழே 122 மரக்குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. உள்ளேயோ தந்த அரியணை ஒன்று உண்டு. இரண்டும் ஒரே அரண்மனையின் அணிகலைகள். ஆயினும் அவை நம்மோடு பேசும் பேச்சு வேறு. வேற்றுமைக்குக் காரணம் மூலப்பொருளே என்பது நம் கருத்து.

மரத்துக்கு நார்ப்போக்கு உண்டு. அதன் போக்கில் உளி இசைந்து செல்லும்; குறுக்கே மெல்லிதாகச் செதுக்கினால் ஒடியும். ஆகவே தச்சன் பருமனான வடிவங்களையே நாடினான். மேலும், அக்குதிரைகள் கூரையைத் தாங்கும் கட்டைகள். சுமக்கும் தொழிலே அவற்றுக்கு மிடுக்கைத் தந்தது.

தந்தத்தையோ எப்பக்கமும் இழைபோற் செதுக்கலாம். ஆனால் கொம்பு வளைந்தது, அடிப்பகுதி உள்ளே கூடானது, நுனிப்பக்கமே கெட்டி. உருவம் அவ்வளைவுக்கு இணங்கியே பிறக்கவேண்டும். விலை மிகுந்த பொருளாதலின் சிறு துண்டும் வீணாகலாகாது. அந்த அருமையே அரசர்க்குரிய பெருமையாயிற்று.

உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் விக்டோரியா அரசிக்கு அளித்த தந்த அரியணை, 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பெற்றது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை அதில் உண்டு. இந்தியப் பேரரசி என்னும் பட்டத்துக்குச் சட்டம் இயற்றிய 1876இல், அவ்வரசி அதன்மீதமர்ந்து படமெடுத்துக் கொண்டார். நட்பின் கையுறை ஆட்சியின் சின்னமாயிற்று! மரநாற்காலி அனுப்பியிருந்தால் இது நேர்ந்திருக்குமா?

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியத் தந்த வாணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வாணிகத்தையும் தடுத்தன. இந்நகர்த் தந்தச் சிற்பிகள் பலர் மரத்துக்கு மாறினர். கை பழையதே, பொருள் இணங்கவில்லை. தந்தத்தில் விரிந்த நூலிழை வேலை மரத்தில் ஒடிந்தது, உருவங்கள் தடித்தன, வெண்மை நீங்கி ஈட்டிமரத்தின் கருமை வந்தது. தடையை நாம் குறைகூறோம், யானை வாழவேண்டும். எனினும் வாழ்நாளெல்லாம் பழகிய கையை மாற்றிக்கொண்டவர் இழப்பும் சிறிதன்று.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலைச் சொல்லவந்த நக்கீரர், தச்சனின் திறத்தை மட்டும் புகழ்ந்து அமையவில்லை. அக்கொம்பு, போரிற்பட்ட யானையினின்று தானே வீழ்ந்தது என்பதையும் முதலிற் சொல்லிவைத்தார்.